எட்டுக் கண்ணும் மூடியிருந்த நாற்பது நிமிடம்

மலை ஏறத் தொடங்கியதிலிருந்து என் கைபேசி எனக்குச் செய்த ஒரே உதவி மணி காட்டியதுதான். ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். ஜீப் பள்ளத்தில் இறங்கியபோது அது கையிலிருந்து நழுவி அரிசி மூட்டைக்கும் பம்புசெட் மோட்டாருக்கும் நடுவில் போய் விழுந்தது. நானும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதால் எடுக்க வசதியாக இருந்தது.

"ஒரு கோடுகூட இல்ல மேடம்."

"மணி இன்னா சேட்டு?"

"பத்து அம்பது."

"அஞ்சு மணிக்கு ஆறு மணி நேரம் பத்து நிமிஷம் இருக்கு," என்றார் மெர்சிலின் மேடம், திரும்பிப் பார்க்காமல்.

மெர்சிலின் மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து விசாரித்தவர். ஒருவர் காலமாகிவிட்டார் என்று சொன்னால் வருத்தம் தெரிவிக்கும் முன் "யார் பாத்தது?" என்று கேட்பார். இப்போது வேலூரில் ஒரு மாடி அறையில் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் சேட்டு, அவருடைய உதவியாளன். அதாவது வண்டி பிடிப்பவன், டீ வாங்குபவன், திட்டும் வாங்குபவன்.

ஜீப்பை ஓட்டியவர் முனிசாமி. நெல்லிவாசல்நாட்டுக்கும் அடிவாரத்துக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் பக்கத்தில் எங்களைக் கூப்பிட்ட தமிழரசி டீச்சர். ஆறு வருஷமாக மலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். மலைக் குளிரில் மூச்சிரைப்பு வருவதால், அவருடைய ஆறு வயது மகள் கண்ணமங்கலத்தில் நாத்தனார் வீட்டில் வளர்கிறாள். டீச்சருக்கு மகள் என்றால் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலையில் ஜீப் ஏறும்போது அந்தக் குழந்தை கையை விடாது என்று அவர் சொன்னபோது, கடி ஜோக்குக்கு வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன்.

ஆறு வருஷம் கழித்துக் கண்ணமங்கலத்தில் ஒரு கணக்கு டீச்சர் இடம் காலியானது. மலைப் பள்ளியையும் அந்தப் பள்ளியையும் நடத்துவது ஒரே நிர்வாகம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சம்மதம் என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் போதும் என்றார்கள். டீச்சரும் போட்டார். உடனே நிர்வாகத்திலிருந்து போன். "அரை மணிக்கு முன்னாடிதான் மாறுதல் வேணாம்னு அனுப்புனீங்க, இப்ப வேணும்ன்றீங்க. நாங்க அடுத்த ஆள் டேனிக்குச் சொல்லிட்டோம்."

அந்த வேண்டாம் செய்தி டீச்சரின் எண்ணிலிருந்துதான் போயிருந்தது; டீச்சரின் கைபேசியில் மட்டும் அதை யாரோ அழித்திருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் டீச்சர், மலையில் ஜெப்சி என்பவர் நடத்தும் ஹிப்னாடிச வகுப்பில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் தான் அனுப்பவில்லை என்று நிரூபித்தால் பார்ப்போம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. இன்று செவ்வாய்.

"என்னிய அறியாம நானே அனுப்பிட்டனோன்னு பயமா இருக்கு மேடம்," என்றார் டீச்சர். "மயக்கத்துல வச்சு எதுனா சொல்லி அனுப்ப வச்சாங்களா?"

"ஜெப்சியா? ஏன்?"

"டேனி ஜெப்சியோட சித்தி பையன்."

நான் மோட்டாரைத் தட்டினேன். கேஸ் முடிந்தது, இறங்கி மதியச் சாப்பாட்டைப் பார்க்கலாம் என்பது என் கருத்து. மேடம் அதைக் கேட்கவில்லை.

"பாட்டு போடுங்க முனிசாமிண்ணா, தல வலிக்குது," என்றார் டீச்சர். முனிசாமி டேஷ்போர்டில் கிடந்த டீச்சரின் கைபேசியை எடுத்து, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். பாட்டு வந்தது. என் கைபேசியை அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சும்மா தூக்கினு இருக்காத தம்பி. ஊர் பூரா கெடைக்காது. ஜெப்சி மேடம் ஹாலுக்குப் பின்னாடி பாற ஒண்ணு இருக்குது, அது மேல போனா ரெண்டு கோடு வரும்."

ஜெப்சியின் ஹால் ஒரு பழைய களஞ்சியம். மேலே தகரக் கூரை, கூரைக்கு மேல் பலாமரம். ஜூன் மாதம் என்பதால் மரம் முழுக்கப் பழம். ஜெப்சி முப்பத்தைந்து வயது, நர்ஸ் வேலையை விட்டு ஹிப்னாடிசம் படித்தவர். நான் கருப்புக் கோட்டும் ஊசலாடும் கடிகாரமும் எதிர்பார்த்துப் போனேன். அவர் நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வகுப்புக்கு வர்றவங்க யாரு?" மேடம் கேட்டார்.

"வேலையில நொந்து போனவங்க. ராத்திரி தூக்கம் வராதவங்க, போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குதுன்றவங்க. சனிக்கிழமை மூணு மணிலருந்து மூணு நாப்பது. மூச்சக் கவனிக்கச் சொல்லுவேன். பத்துலருந்து கீழ எண்ணுவேன். மனசு அடங்குற நேரத்துல கட்டைவிரலயும் ஆள்காட்டி விரலயும் சேத்து அழுத்தச் சொல்லுவேன். பழகிட்டா அப்புறம் பஸ் ஸ்டாண்டுல, ஆபீசுல, எங்க படபடப்பு வந்தாலும் விரல அழுத்தி எண்ணுனா போதும், அடங்கும்."

"போன்?"

"வாசல்ல பிஸ்கட் டின்னுல போட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

டின்னைப் பார்த்தேன். பூட்டு கிடையாது. மூடிகூடச் சரியாக உட்காரவில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் துப்பறிய வந்தவனுக்கு அதைவிட எரிச்சல் கிடையாது.

"அன்னிக்கு யாராவது நடுவுல எழுந்து போனாங்களா?"

"இல்லங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒருத்தரும் அசையல." ஜெப்சி இதைச் சொல்லும்போது சாமையைப் பார்த்துச் சொன்னார்.

நான் மேடத்தைத் தனியே இழுத்தேன். "படுத்திருந்தது நாலு பேரு. எட்டுக் கண்ணும் மூடியிருந்துச்சு. தெறந்திருந்தது ரெண்டே கண்ணு. அது டேனியோட அக்கா கண்ணு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"நிர்வாகத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேந்த நேரம் வேணும். அவங்க போன்ல இருக்கறத அப்டியே படம் புடிச்சு அனுப்பச் சொல்லு."

அதற்கு நான் அந்தப் பாறைக்குப் போக வேண்டியிருந்தது. கல்லும் முள்ளுமாக ஏற எட்டு நிமிடம். வந்த படத்தில், "எனக்கு மாறுதல் வேண்டாம். மலைப் பள்ளியிலேயே இருக்கிறேன். தமிழரசி" என்று இருந்தது. வந்து சேர்ந்த நேரம் மூன்று இருபத்திரண்டு. இறங்க ஆறு நிமிடம். மூச்சு வாங்கிக்கொண்டே படத்தை நீட்டினேன்.

மேடம் படத்தைப் பார்த்தார். பிறகு என் வியர்வையை ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னிக்குத்தான்டா உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க," என்றார். என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

அடுத்து, அன்று படுத்திருந்த மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். மேடம் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். கண்ணை மூடியிருந்தபோது என்ன கேட்டது?

கிராம நர்ஸ் ரோசி சிரித்துவிட்டார். "இன்னா கேக்கலங்கறீங்க? நடுவுல தகரத்து மேல பலாப்பழம் வுழுந்துச்சு. கூரையே போச்சுன்னு நெனச்சேன். ஜெப்சி பதட்டமே இல்லாம, 'அது பலாப்பழம், அது வேலைய அது பாக்குது, நீங்க உங்க மூச்சப் பாருங்க'ன்னாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே மனசு வரல."

"ஜெப்சி பேச்சு எங்கயாவது நின்னுச்சா?"

"நிக்கவே இல்லீங்க. அந்தக் குரலப் புடிச்சினுதான நாங்க போறதே."

ரேஷன் கடை மோகனும் அதையேதான் சொன்னார். கூடுதலாக ஒன்று: பழம் விழுந்த சத்தத்தை வைத்து அது பத்துக் கிலோ இருக்கும் என்று கணக்குப் போட்டாராம். கண்ணை மூடினாலும் தராசு அவரை விடவில்லை. டீச்சருக்கும் பழம் விழுந்ததும் திடுக்கென்று ஆகி, ஜெப்சி பேசியதும் அடங்கியது நினைவிருந்தது.

முனிசாமி ஜீப்புக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். "எனுக்கு அன்னிக்குத்தான் மொத தடவ மேடம். கத்துக்குட்டி. அவங்க பத்துன்னு சொன்னாங்க, அவ்ளோதான் தெரியும். கட்டையாட்டம் கெடந்தேன். இடி வுழுந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. மயக்கம்னா சும்மாவா?"

முதல் தடவையிலேயே இவ்வளவு ஆழமாகப் போனவர் என்று எனக்கு மரியாதை வந்தது.

"ரெக்கார்டு பண்ண குரலா இருக்கும் மேடம்," என்றேன் திரும்பி நடக்கும்போது. "ஸ்பீக்கர்ல ஓட வுட்டுட்டு ஜெப்சி வெளிய வந்திருக்கும்."

"ரெக்கார்டு பண்ண குரலுக்குப் பலாப்பழம் வுழப்போவுதுன்னு எப்டித் தெரியும்?"

அந்தப் பழம் இரண்டாம் முறை என் தலையில் விழுந்தது. இந்த வேலையில் எனக்கு அடிக்கடி நேர்வது.

"ஜெப்சி பொய் சொல்லுது, அது மட்டும் உண்மை," என்றார் மேடம். "மூணு மணிக்கு எல்லாரயும் வரச்சொல்லு. சனிக்கிழமை யார் எங்க படுத்தாங்களோ அங்கயே படுக்கணும். நீயும் படு."

மூன்று மணிக்கு வகுப்பு. சுவரோரம் டீச்சர், அடுத்து ரோசி, அடுத்து மோகன், வாசலை ஒட்டி முனிசாமி. எனக்கு நடுவில் ஒரு பாய் கிடைத்தது. டேனிக்காக எல்லாவற்றையும் செய்த பெண் இவள்தான் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்ததால், நான் மயங்குவதில்லை என்ற உறுதியுடன் படுத்தேன்.

"கால் பாரம் தரைக்குப் போகட்டும்," என்றார் ஜெப்சி. "பத்து. தோள் பாரம் போகட்டும். ஒன்பது. வர்ற நினைப்ப வெரட்ட வேணாம். வந்துட்டுப் போகட்டும். எட்டு."

அவமானம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான்கு வரும்போது என் கழுத்து வலி போய்விட்டது. வெளியே கோழி கிளறுவதும் பக்கத்தில் ரோசி மூச்சு விடுவதும் தெளிவாகக் கேட்டன. கேட்டும், எதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. வேலூர் அறையின் வாடகைகூட அப்போது யாரோ கொடுக்க வேண்டிய வாடகையாகத் தெரிந்தது.

அப்போது என் தலைமாட்டில் டமாரென்று ஒரு சத்தம். துள்ளி உட்கார்ந்தேன். மெர்சிலின் மேடம் சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் தாம்பாளத்தைப் போட்டுவிட்டு நின்றார். மோகன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரோசி சிலுவை போட்டுக்கொண்டார். டீச்சர் நெஞ்சில் கை வைத்துக் கண் விழித்தார்.

முனிசாமி மட்டும் கட்டைபோலக் கிடந்தார். இமைகூட ஆடவில்லை.

"பாத்தியா சேட்டு," என்றார் மேடம். "நெசமா படுத்தவங்க எல்லாரும் முழிச்சிட்டாங்க. மயக்கம்னா இப்டித்தான் கெடக்கணும்னு நெனச்சினு இருக்கறவரு மட்டும் முழிக்கல. எழுந்திரிங்க முனிசாமி. மூடச் சொன்னது கண்ணதான், காத இல்ல."

முனிசாமி மெல்லக் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தாரே தவிர யாரையும் பார்க்கவில்லை.

"சினிமாவுல பாத்துட்டு வந்து சொல்லிட்டீங்க," மேடம் குரலை உயர்த்தவில்லை. "சனிக்கிழமை ஹாலுக்குள்ள இருந்த ஒவ்வொருத்தருக்கும் பலாப்பழம் வுழுந்தது கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கல. ஏன்னா நீங்க உள்ள இல்ல."

"அப்ப ஜெப்சி மேடம் நான் போறத பாத்திருப்பாங்களே," என்றார் முனிசாமி பலவீனமாக.

ஜெப்சியின் முகம் சிவந்தது. "நான் பாக்கல," என்றார். "பொய் சொல்லிட்டேன் மேடம். நானும் கண்ண மூடினுதான் பேசுவேன். மூணு மாசமா எனுக்கே தூக்கம் இல்ல. அடுத்தவங்களுக்கு எண்ணும்போதுதான் எனுக்கும் அடங்குது. இத வெளிய சொன்னா யாரு வகுப்புக்கு வருவாங்க?"

என் இரண்டு கண் தத்துவம் அங்கேயே செத்தது. மேடம் என்னைப் பார்த்தார். "செய்தி மூணு இருபத்திரண்டுக்குப் போய்ச் சேந்துருக்கு. இந்த ஹால்ல சிக்னல் இல்ல. அனுப்பணும்னா பாறை மேல போவணும். ஏற எட்டு நிமிஷம், எறங்க ஆறு. நீ மூச்சு வாங்கினு வந்தப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அதுவரைக்கும் ஜெப்சிக்கு மட்டுந்தான் முடியும்னு நெனச்சோம். பதினாலு நிமிஷம் குரல் நிக்காம பேசினவங்களுக்கு மட்டுந்தான் அது முடியாது. ஊர்க்காரங்களுக்குச் சிக்னல் இல்லாதது பழகிப்போச்சு, யாரும் யோசிக்கல."

"அவரு எப்டி லாக்கைத் தெறந்தாரு?" என்று கேட்டது ரோசி.

பதிலை மேடம் சொல்லவில்லை. டீச்சர் சொன்னார். "ஜீப்புல ஏறும்போதெல்லாம் பாட்டு போடச் சொல்லி நான்தான் போனக் குடுப்பேன். லாக்கும் அவருக்குத் தெரியும்."

முனிசாமி பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"டேனிக்காகவா?" என்றேன்.

"எனுக்கு டேனி யாருன்னே தெரியாதுப்பா." அவர் ஓலையைக் கீழே போட்டார். "டீச்சர் வர்றதுக்கு முன்னாடி இங்க ரெண்டு வருசம் கணக்குக்கு ஆளே இல்ல. எம் பையன் ஒம்பதாவதுல நின்னுட்டான். இப்ப போர் வண்டில பைப்பு தூக்கறான். பொண்ணு இப்பத்தான் பத்தாவது வந்துருக்கு. வூட்ல அது கணக்குப் போடும்போது நான் லைட்ட அணைக்கக்கூட மாட்டேன். டீச்சர் போறாங்கன்னு கேட்டதும் எனுக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஒரே ஒரு வருசம்னு நெனச்சேன். அப்புறம் வேற எடம் வரும்னு நெனச்சேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டிய நேரம். வரவில்லை. அதே சமயம், திங்கள் காலையில் கையை விடாத அந்தக் குழந்தையும் நினைவுக்கு வந்தது. துப்பறியும் வேலையில் இந்தப் பகுதிதான் எனக்குப் பிடிக்காதது.

மணி நான்கு பத்து. முனிசாமி முன்னால் ஏற, நாங்கள் பின்னால் பாறைக்குப் போனோம். இரண்டு கோடு வந்தது. டீச்சர் நிர்வாகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அவர் கையில் கொடுத்தார். முனிசாமி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். தன் பெயரையும் ஊரையும் இரண்டு முறை சொன்னார். போலீசுக்கு வேண்டுமானாலும் வருகிறேன் என்றார்.

அந்தப் பக்கம் இருந்தவர் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "டேனி கிட்ட நாங்க பேசிக்கிறோம். டீச்சர் திங்கக்கிழமை கண்ணமங்கலத்துல சேந்துரட்டும். மத்தத எப்டிப் பாக்கறதுன்னு டீச்சரே முடிவு பண்ணட்டும்."

டீச்சர் கைபேசியை வாங்கிக்கொண்டார். சிரிப்பாரென்று பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, திரையை மார்போடு சாய்த்துக்கொண்டு, ஏதோ செய்தார். பிறகுதான் புரிந்தது. கைபேசியைத் திறக்க விரலால் போடும் கோலத்தை மாற்றிக்கொண்டிருந்தார். முனிசாமியும் அதைப் பார்த்தார்.

"டீச்சர், நாளைக்கு சாமானெல்லாம் நானே எறக்கி வுடுறேன்," என்றார். "துட்டு வேணாம்."

டீச்சரின் கை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுந்தியிருந்தன. உதடு அசைவது தெரிந்தது. பத்து, ஒன்பது, எட்டு. அவர் ஒன்று வரை எண்ணி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"போலீசுக்குப் போவல," என்றார். "உங்க பொண்ணு மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல, முனிசாமி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு வரட்டும். பரீட்ச வரைக்கும் நானே சொல்லித் தர்றேன்."

முனிசாமி கையெடுத்துக் கும்பிட்டார். காலையிலிருந்து முனிசாமிண்ணா என்று கூப்பிட்டவர் இப்போது அண்ணாவை விட்டுவிட்டார் என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

"நானே வாரா வாரம் கூட்டினு வந்துடறேன் டீச்சர்."

டீச்சர் பாறையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தார்.

"நீங்க வர வேணாம்," என்றார். "பஸ்ல அனுப்புங்க."